கட்டற்ற மருத்துவ மென்பொருளும் நம் கல்லூரிக் கணினிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்கேன் படங்களைக் காண்பதற்கும் அளப்பதற்கும் கட்டற்ற மென்பொருள்களைப் பயன்படுத்தச் சொல்வோர், உரிமக் கட்டணம் மிச்சம் என்பதையே முதலில் சொல்கிறார்கள். அவற்றைச் சோதித்துப் பார்க்கும் வேலையை யார் செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் ஆத்தாவுக்குத் தலையில் எம்ஆர்ஐ எடுத்தோம். பக்கவாதத்தால் வலுவிழந்தது இடது கை. எனவே மூளையில் தழும்பு வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆனால் ஸ்கேன் மையத்தில் வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்த கோப்பில் அது இடப்பக்கம் தெரிந்தது. மருத்துவர் கையையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தார். ஸ்கேன் படங்களைச் சேமிப்பதற்கான பொதுத் தரமான டைகாம் முறையில், இட-வல அச்சின் எண்கள் நோயாளியின் இடப்புறம் நோக்கிக் கூடும். வேறு சில மென்பொருள்களில் வலப்புறம் நோக்கிக் கூடும். மாற்றும் நிரலில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போனாலே வலம் இடமாகிவிடும், படமோ பார்வைக்குக் குறையின்றி இருக்கும்.

இத்தகைய பிழையைப் பிடிக்கும் ஏற்பாடு முன்பே இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1999-இல் தொடங்கிவைத்த ஐடிகே என்ற, மருத்துவப் படங்களைக் கையாளும் கட்டற்ற நிரல் தொகுப்பு பல வகைக் கணினிகளில் ஓட வேண்டியிருந்தது. ஒரே மூலநிரலைப் பல வகைக் கணினிகளில் ஓடும் நிரலாக உருவாக்க உதவும், இன்று எங்கும் புழங்கும் சிமேக் கருவி அந்தத் தேவையில் பிறந்ததே. ஐடிகேயின் மூலநிரலைப் பல இடங்களிலுள்ள கணினிகள் அன்றாடம் இறக்கிக் கம்பைல் செய்து (அதாவது ஓடும் நிரலாக மாற்றி), சோதனைகளை ஓட்டி, முடிவை இணையத்திலுள்ள பொதுப் பலகை ஒன்றுக்கு அனுப்புகின்றன. தேறியது பச்சை, தவறியது சிவப்பு. சோதனையில் கிடைத்த படம், முன்பே சரிபார்த்து வைத்த படத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடப்படும். கம்பைலருக்குக் கம்பைலர் தசமத்தின் கடைசி இலக்கங்கள் மாறக்கூடும் என்பதால் சிறு வேறுபாட்டுக்கு மட்டும் இடமுண்டு. அன்றைய வரவு செலவு பேரேட்டில் நேராகாமல் கடையை எடுத்து வைக்காத ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

காரைக்குடியில் 1952-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கிறது. இரவில் சும்மா கிடக்கும் ஆய்வகக் கணினிகளில் நான்கைந்தை இந்தப் பணிக்கு ஒதுக்கினால் போதும். மின்தடை வந்தால் அன்றைய ஓட்டம் கெடும், மறுநாள் மறுபடி ஓட்டலாம். காலையில் பலகையில் சிவப்பாக நிற்கும் ஒரு வரியை எடுத்து, எந்த மாற்றத்தால் அது தவறியது என்று தேடும் மாணவர், கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து கணக்குப் படித்தவரைப் போல, வேலையை வேலையிலிருந்தே கற்றுக்கொள்வார். சோதனைக்கு நம் ஊர் நோயாளிகளின் படங்களைக் கொடுத்துவிடக் கூடாது. டைகாம் கோப்பின் தலைப்பிலேயே பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். பொதுவில் கிடைக்கும் படங்களே போதுமானவை.

ஸ்கேன் மையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மென்பொருளைப் புதுப்பிக்கும்போதெல்லாம், வலக் காதோரம் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டி முன்பே எடுத்து வைத்த ஓர் எம்ஆர்ஐ படத்தை அதில் திறந்து பாருங்கள். எண்ணெய் நிறைந்த அந்த மாத்திரை படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். அது எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு அன்றைய முதல் நோயாளியை அழையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்,
கோட்டையூர்.