காட்டைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கும் தமிழில் சொல்லுங்கள்

எங்கள் மலையோர மழைக்காட்டுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

வணக்கம். நான் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன மாதம் எட்டாம் தரப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரை உங்கள் காட்டுக்குக் கூட்டி வந்தேன். வாசலில் உள்ள பதிவுப் புத்தகத்தில் எங்கள் பெயர் இருக்கும். அதற்கு முன் நான் எழுதிய இரண்டு கடிதங்களும் உங்கள் கோப்பில் இருக்கும். காட்டில் தமிழ்ப் பலகைகள் வேண்டும், தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவராவது வேண்டும் என்று அவற்றில் கேட்டிருந்தேன். இப்போதும் அதையேதான் கேட்கிறேன்.

அன்று எங்களோடு வந்த வழிகாட்டித் தம்பியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. காட்டை உள்ளங்கை போலத் தெரிந்தவர். ஆனால் அவருக்குத் தமிழ் வராது. எனக்குத் தெரிந்த சிங்களமோ கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் காணும். அதனால் கொழும்பில் சில வருடம் இருந்து வந்த ஒரு மாணவியை அவர் பக்கத்தில் நிறுத்தினோம். அவர் சொல்லச் சொல்ல, அவள் திரும்பி எங்களுக்குச் சொன்னாள்.

நடந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். திடீரென்று மேலே சலசலப்பு. தம்பி கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். பறவைக் கூட்டமொன்று எங்கள் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. ஓர் இனமல்ல, பல இனங்கள் ஒன்றாக. அவர் கண் மின்ன, விரலை நீட்டி நீட்டி வேகமாகச் சொன்னார். பிள்ளைகள் அந்த மாணவியின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். "என்னவாம்? என்னவாம்?" அவள் திணறினாள். "அது கவுடாவாம்... மற்றப் பறவைகளைக் காவல் காக்குமாம்... இல்லை, அவற்றின் சத்தத்தில் பேசுமாம்..." அவள் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் கூட்டம் அடுத்த மரத்துக்கும் அதற்கு அடுத்த மரத்துக்கும் போய்விட்டது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபோது இலைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

கண்ணெதிரே நிற்கிற காட்டை எங்கள் பிள்ளைகள் 'ஆம்' போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது. யாரோ எங்கோ கண்டதைக் கேள்விப்படுவது போல.

அவர் என்ன சொன்னார் என்பதை வீட்டுக்கு வந்து படித்துத்தான் நான் புரிந்துகொண்டேன். கவுடா என்றால் நம் கரிச்சான். சிங்கராஜ வனத்தில் இப்படிப்பட்ட கூட்டங்களைப் பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக நாற்பது பறவைகள், பதினொன்று பன்னிரண்டு இனங்கள். செம்மஞ்சள் அலகுள்ள சிலம்பன்கள் இலை இலையாகக் கிளறிப் போகும்போது கிளம்புகிற பூச்சிகளைக் கரிச்சான் பறந்து பிடிக்கும். ஆபத்து வந்தால் குரல் கொடுக்கும். மற்ற இனங்களின் குரலையும் அப்படியே எடுத்துக் கூப்பிடும். இதை அந்த மரத்தடியில், அந்த நிமிடத்தில், தமிழில் கேட்டிருந்தால் அந்த முப்பத்திரண்டு பேரும் சாகும்வரை மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அருவிப் பக்கம் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை நிற்கிறது. அதிலும் தமிழ் இல்லை. ஒரு பையன் பாசி படிந்த பாறையில் ஏறிவிட்டான். தம்பி கத்தினார். என்ன கத்துகிறார் என்று விளங்காமல் அவன் சிரித்துக்கொண்டு கையசைத்தான். நான் ஓடிப்போய் இழுத்தேன். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இலங்கை அரசியலமைப்பில் 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1991இல் அதைக் கண்காணிக்க ஓர் ஆணைக்குழுவுக்கும் சட்டம் வந்தது. என் தமிழ்க் கடிதத்துக்கு உங்களிடமிருந்து வந்த பதில் சிங்களத்தில் இருந்தது. அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி நான் டவுனுக்குப் போனேன். 'கவனம் செலுத்தப்படும்' என்று எழுதியிருந்ததாம். காட்டில் மட்டுமா இப்படி? மருந்துப் பையில் எழுதியிருப்பது எங்களுக்கு விளங்காது. பொலிஸில் எழுதுகிற முறைப்பாட்டை வாசிக்க முடியாமலே எங்கள் ஆட்கள் கையெழுத்து வைக்கிறார்கள். எத்தனை வருடம் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பது?

மன்னிக்கவும். காட்டை விட்டு எங்கோ போய்விட்டேன்.

இந்த மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பி நட்டதும், கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலை நட்டதும் எங்கள் பாட்டன் பாட்டிமார்தான். துரைமார் வெட்டச் சொன்ன இடத்தில் வெட்டினார்கள். மிஞ்சிய காட்டின் ஓரத்தில்தான் எங்கள் லய வீடுகள் இன்றும் இருக்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். உயிரோடு மீட்டும் சில நாளில் இறந்துபோனது. அப்படி ஒரு சுருக்கை முதலில் காணப்போவது கொழுந்து பறிக்கிற அம்மாவோ விறகுக்குப் போகிற பிள்ளையோதான். அவர்களிடம் காட்டைப் பற்றி அவர்களுடைய மொழியில் பேசாமல் அதை எப்படிக் காப்பாற்றப் போகிறீர்கள்?

தமிழில் எழுத ஆள் இல்லை என்றால் எங்களிடம் கேளுங்கள். பலகைகளில் இருக்கிற வசனங்களை அனுப்பினால் நானும் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்களும் சம்பளமில்லாமல் எழுத்துப் பிழையின்றித் தமிழில் தருகிறோம். வழிகாட்டிக்கும் தூரம் போக வேண்டாம். உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகள் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். இரண்டு பேரை எடுத்துப் பழக்கினால் போதும். அந்தத் தம்பியே நல்ல ஆசானாக இருப்பார்.

அடுத்த தவணையில் திரும்பவும் வர இருக்கிறோம். பயணக் காசை அம்மாமார் இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன் ஆபத்தான இடங்களிலாவது தமிழ்ப் பலகை வைத்து, நாங்கள் வருகிற நாளில் தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பி வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்று மொழிபெயர்த்த மாணவியிடம் பஸ்ஸில் வரும்போது எந்தப் பறவை பிடித்தது என்று கேட்டேன். "நான் ஒண்ணும் பாக்கல டீச்சர், அந்த அண்ணன் வாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். அடுத்த முறை அவள் மேலே பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி