உன் சுண்டுவிரல் மை

ராமேஸ்வரம் பக்கத்து அகதி முகாம், நவம்பர் 2024

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நாங்க இங்க சுகம், நீயும் மாப்பிளையும் சின்னவனும் சுகமா இருக்க மடு மாதாவ வேண்டிக்கிறேன். இது நீளமாத்தான் வரும் பொறுமையா படி. போன்ல கதைக்கலாம்னா நீ ரெண்டு நிமிசத்துல சரியம்மா பிறகு கதைப்பம்னு வச்சிடுற, எனக்கும் பாதி சொல்றதுக்குள்ள தொண்டைய அடைச்சிடுது, அதான் ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு தம்பி போன வாங்கி ஒத்த விரலால தட்டிக்கிட்டு இருக்கேன், எழுத்துப் பிழை இருந்தா சிரிக்காத.

14-ந்தேதி அங்க இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல்ல ஓட்டுப் போட்டுட்டு வந்து சின்னவன மடியில வச்சிக்கிட்டு விரல நீட்டி ஒரு போட்டோ அனுப்பினியே, பத்து நாளா அதத்தான் எடுத்து எடுத்து பாக்குறேன். பெருசாக்கிப் பாத்தா மைய ஒழுங்காக்கூட வைக்கல, சுண்டுவிரல் நகத்துல ஒரு ஓரமா இழுவி விட்டிருக்காங்க. நண்டு கம்பெனில என் பக்கத்துல உக்காந்து சதை எடுக்குற தங்கச்சிமடத்து அக்காட்ட காட்டினேன். இங்கன ஆள்காட்டி விரல்ல வைப்பாக உங்க ஊர்ல சுண்டுவிரலான்னு கேட்டா, அதோட விட்டிருக்கலாம், ஒனக்கு எதுல வைப்பாகன்னு கேட்டுட்டு அவளே நாக்கக் கடிச்சிக்கிட்டா. என் விரல்ல இருக்கிறதெல்லாம் நண்டு ஓடு கீறின கோடுதான். 18 வயசுல மன்னார் பேசாலையில போட் ஏறினேன், இப்ப 52, அங்கயும் போட்டதில்ல இங்கயும் போட்டதில்ல, ஓட்டுச் சீட்டு எப்பிடி இருக்கும்னே டிவில பாத்ததுதான். இத அழுவாச்சியா சொல்லல, உண்மையச் சொல்றேன்.

நீ யாருக்குப் போட்டன்னு நான் கேக்கல, அது ரகசியம். ஆனா செப்டம்பர்ல ஜனாதிபதித் தேர்தல்ல நீ சஜித்தோட டெலிபோனுக்கும் இப்ப அனுராவோட திசைகாட்டிக்கும் போட்டிருப்பன்னு எனக்குத் தெரியும், உன்னப் பெத்தவ நான். வன்னில திசைகாட்டிக்கு ரெண்டு சீட்டு, யாழ்ப்பாணத்துல ஆறுல மூணு, மொத்தம் 225-ல 159ன்னு தம்பி வாசிச்சுக் காட்டினப்ப நம்ம முகாம் லைன்ல பாதிப் பேர் நம்பவே இல்ல. தெக்கத்திக் கட்சி ஒண்ணு யாழ்ப்பாணத்துல முன்னுக்கு வர்றது இதுதான் முதல் தடவையாமே. 2019-ல வெறும் 3 சதவீதம் வாங்கின அனுரா செப்டம்பர்ல 42 வாங்கி, யாருக்கும் பாதி வரலன்னு ரெண்டாவது விருப்பு வாக்கையும் எண்ணி ஜனாதிபதி ஆகிட்டாரு. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் லைன்ல நின்னு நின்னு சனத்துக்கு வெறுத்துப் போச்சு. 2022-ல பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு அரிச்சல்முனை மணல் திட்டுல வந்து எறங்கின குடும்பங்கள நானே பாத்தேனே, நம்ம வரிசையிலயே ரெண்டு குடும்பம் இருக்கு, பால்மா விலை சொல்லிச் சொல்லி அழுவாங்க.

அப்பாவுக்கு இதுல கொஞ்சமும் நம்பிக்கை இல்ல. அனுரா பேர் எடுத்தாலே, திசைகாட்டிக்குள்ள இருக்கிறது அந்தப் பழைய ஜே.வி.பி கட்சிதான், ஜே.வி.பி காரன் ஜே.வி.பி காரன்தாங்கிறாரு. 87-ல இந்திய ஒப்பந்தத்த எதுத்துக் கொலை கொலையா செஞ்சவங்க யாரு, வடக்கும் கிழக்கும் சேந்திருந்தத 2006-ல கோர்ட்டுல கேஸ் போட்டு பிரிச்சவங்க யாருன்னு எங்கிட்ட கேள்வி கேப்பாரு, நான் என்னமோ அந்தக் கட்சி மெம்பர் மாதிரி. அவர் சொல்றது பொய்யில்ல. நான் சொன்னேன், அந்த 87, 89 சமயத்துல தெக்க சிங்களப் பொடியன்களையும்தான் ஆயிரக்கணக்குல காணாமப் போக்கினாங்க, டயர் போட்டு எரிச்சாங்க, அனுரா வீட்டையே எரிச்சாங்களாம், ஒளிஞ்சு திரிஞ்ச மனுசனுக்கு வீடு இல்லாதவன் பாடு கொஞ்சமாச்சும் தெரியாதான்னு. அப்பா சொல்றாரு, அது அவர் வீடு, இது நம்ம வீடு. அதுக்கு மேல கதைக்கல, திரும்பிப் படுத்துட்டாரு.

ஆனா ஒண்ணு கேளு. 20-ந்தேதி மழை உனக்குத் தெரியும், ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 41 சென்டிமீட்டராம், நம்ம லைன்ல முழங்கால் தண்ணி, அரிசி வாளி மிதக்குது, நான் அடுப்பத் தூக்குறதா டிவியத் தூக்குறதான்னு முழிக்கிறேன், இடுப்பு ஒடிஞ்ச மனுசன் கட்டில்ல இருந்து எறங்கி தண்ணிக்குள்ள துழாவி முதல்ல எடுத்தது அந்த மஞ்சப் பைய. உள்ள என்ன இருக்கு, முகாம் கார்டு, உங்க ரெண்டு பேர் ஞானஸ்நானச் சீட்டு, அவரோட இலங்கை ஐ.டி கார்டு. லேமினேஷனுக்குள்ள எப்பவோ தண்ணி போயி மூஞ்சியே இல்ல, மீசை மட்டும் கொஞ்சம் தெரியுது. அத அவர் துண்டால தொடைச்சு ஃபேன் காத்துல காயவச்சாரு, கரண்ட் வந்த பிறகு. நம்பிக்கை இல்லாதவர் செய்ற வேலையா அது. நான் ஒண்ணும் கேக்கல.

இவரே ஒரு காலத்துல எப்பிடி இருந்தாருன்னு உனக்குத் தெரியாது. இந்த மாசம் உனக்கு 30 முடியுது, நீ பொறந்த அதே நவம்பர்லதான் சந்திரிகா ஜனாதிபதியா ஜெயிச்சாங்க, 62 சதவீதம். சமாதானம் வருது ஊருக்குப் போறோம்னு முகாம்ல ஒரே பேச்சு, யாழ்ப்பாணத்துல சந்திரிகா வளையல்னே கடையில வித்தாங்க. அப்பா உன்னத் தூக்கிக்கிட்டு பிள்ளைக்குச் சந்திரிகான்னு பேர் வைப்பமான்னு கேட்டாரு. நான்தான் மாதா பேர் போதும்னேன். மறு வருசம் சண்டை திரும்பவும் தொடங்கி நவாலி கோயில்ல குண்டு விழுந்தப்ப உனக்கு எட்டு மாசம். அதுக்குப் பிறகு யார் ஜெயிச்சாலும் அவர் முகத்துல ஒரு அசைவு வராது. 2015-ல மைத்திரி ஜனாதிபதியா வந்தப்ப நீதான் குதிச்ச, இனிப் பயமில்லம்மா நான் போறேன்னு சென்னைக்கும் மண்டபத்துக்குமா அலைஞ்சு குடியுரிமைப் பேப்பர் வாங்கி 2016-ல திருச்சியில பிளேன் ஏறிட்ட. அப்பா பெயிண்ட் அடிக்கிற சாரத்துல இருந்து விழுந்து கிடந்ததால நாங்க பிறகு வர்றோம்னோம். அந்தப் பிறகுதான் எட்டு வருசமா இழுக்குது.

நான் பெருசா எதுவும் எதிர்பாக்கல மகள். அரசியல் தீர்வு, அதிகாரப் பகிர்வு எல்லாம் நம்ம தலைவர்மாரும் அவங்களும் பேசட்டும், பேசி முடியுறதுக்குள்ள எனக்கு முழங்கால் தேஞ்சுடும். எனக்கு நம்ம ஊர் முள்ளிக்குளம்தான். யாழ்ப்பாணத்துல 34 வருசமா ஆர்மி மூடி வச்சிருந்த ரோடு ஒண்ண இந்த மாசம் ஒண்ணாந்தேதி தொறந்துட்டாங்கன்னு நீதான் லிங்க் அனுப்பின. 34ன்னு பாத்ததும் எனக்கு என்னமோ செஞ்சிது, நான் போட் ஏறினதும் அதே 34 வருசம். தேர்தலுக்கு முந்தி யாழ்ப்பாணம் வந்து மக்கள் காணிய மக்கள்ட்டயே குடுப்பம்னு அனுரா பேசினாரே, அந்தப் பேச்ச ரெண்டு தடவ பாத்தேன், சிங்களம் புரியல, கையப் பாத்தேன், சும்மா ஆட்டல, எண்ணி எண்ணி சொல்ற மாதிரி இருந்துச்சு. உங்கப்பா கேட்டா சிரிப்பாரு.

உன் அம்மம்மா 2003-ல சமாதான நேரத்துல நாங்க தடுக்கத் தடுக்க திரும்பிப் போனா. வேலி அடைச்சு, கிணறு இறைச்சு, ரெண்டு மாடு வாங்கி, நாலு வருசம் ராணி மாதிரி இருந்தேன்னு சொல்லுவா. 2007-ல ஊரையே எழுப்பினாங்க, கொஞ்ச நாள்ல வந்திடலாம்னு சட்டிபானைய அப்பிடியே விட்டுட்டு வந்தவ, பிறகு அங்க நேவி முகாம் ஆகிப் போச்சு. மலங்காட்டுல தகரக் கொட்டில்லதான் அவ உசுரு போச்சு. 2017-ல சனம் ரோட்டுல உக்காந்து போராடி 100 ஏக்கர் விடுறோம்னாங்க, நம்ம வீட்டுப் பக்கம் இன்னும் உள்ளதான் கிடக்கு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு மட்டும் கோயிலுக்கு விடுவாங்கன்னு சொன்னியே, கோயில்ல இருந்து நம்ம வளவுக்கு நடந்தா ஒரு அஞ்சு நிமிசம், சின்னப் பிள்ளையில மணி அடிச்ச பிறகுதான் நான் தலை சீவவே தொடங்குவேன், அப்பவும் நேரத்துக்குப் போயிடுவேன்.

மாப்பிள வலை விசயம் கேட்டு மனசு சரியில்ல. இங்க இருந்து இழுவைப் படகு வந்து அறுத்துட்டுப் போனா அந்த வலைக் கடன யார் கட்டுறது, நியாயந்தான் அவர் கோவம். ஆனா நான் இருக்கிற இடத்தப் பாரு. திங்கள் புதன் சனி இங்க விசைப்படகு போனா மறுநாள் கம்பெனில யார் முகம் கறுத்திருக்குன்னு நான் பாப்பேன். அந்தத் தங்கச்சிமடத்து அக்கா மகன் ரெண்டு மாசமா உங்க ஊர் ஜெயில்ல இருக்கான், அவன் போட் ஓனர் இல்ல, கூலிக்குப் போனவன். அவ அழுறப்ப நான் என்ன சொல்ல, என் மருமகன் வலைய அறுத்ததே இப்பிடி ஒரு போட்டுதான்னு சொல்ல முடியுமா. 2023-ல கச்சத்தீவு அந்தோணியார் திருநாளுக்கு நீ அந்தப் பக்கத்துல இருந்து வர்றன்னதும் நான் ஒரு ஆபீஸ் விடாம அலைஞ்சேன், முகாம் ஆளுகளுக்கு இல்லன்னுட்டாங்க. கடைசில அவதான் என் பொட்டலத்தக் கொண்டு வந்து உன் கையில தந்தா, கருப்பட்டியும் சின்னவனுக்கு அந்தப் பச்சச் சட்டையும். நீ குடுத்து விட்ட தேயிலையும் சவர்க்காரமும் இங்க வந்து சேந்துச்சு. அந்தச் சவர்க்காரத்துல ஒண்ண இன்னும் பிரிக்கல, உடுப்புப் பெட்டிக்குள்ள கிடக்கு. புது ஜனாதிபதி ரெண்டு கரையையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசினா நல்லது. கடலுக்குள்ள வச்சுப் பிடிக்கிறதும் ஜெயில்ல போடுறதும் எத்தன வருசமா பாத்தாச்சு.

இன்னொண்ணு கப்பல். நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு விட்டாங்க, அது பாஸ்போர்ட் உள்ளவங்களுக்கு. அம்மம்மா ராமானுஜம் கப்பல் கதை சொல்லுவா, தலைமன்னார்ல காலையில ஏறினா மத்தியானச் சோத்துக்கு ராமேஸ்வரமாம், சண்டை தொடங்கி அதுவும் நின்னுச்சு. இங்க புதுப் பாம்பன் பாலம் கட்டி முடிச்சு ட்ரையல் எல்லாம் ஓடுது, தொறக்கல, ரெண்டு வருசமா ட்ரெயின் மண்டபத்தோட நிக்குது, என்ன மாதிரி.

தம்பி விசயம் தனி. அவன்ட்ட ஊருக்குப் போவமான்னு கேட்டா எந்த ஊருங்கிறான். இங்க பொறந்து இங்க படிச்சு பி.இ முடிச்சவன், கவர்மெண்ட் வேலைக்கு எழுத முடியாது, பாஸ்போர்ட் கிடையாது, அப்பா மாதிரியே பெயிண்ட் அடிக்கப் போறான், கம்ப்யூட்டர் தெரிஞ்ச பெயிண்டர். 2019-ல குடியுரிமைச் சட்டம் மாத்தினப்பகூட நம்மள அதுல சேக்கல. அகதி முகாம்ங்கிற போர்ட மறுவாழ்வு முகாம்னு மாத்தி மூணு வருசம் ஆச்சு, பணமும் கூட்டினாங்க, குடும்பத் தலைவருக்கு 1500, எனக்கு 1000, நல்லதுதான் குறை சொல்லல, ஆனா செக்கிங் அன்னிக்கு ஆள் இல்லன்னா பேர் போயிடும். அனுரா வந்தா என்ன யார் வந்தா என்ன எனக்கு டெல்லிதான் முடிவு சொல்லணும்கிறான் அவன். அவனையும் விட்டுட்டு எப்பிடி வர, உன்னையும் விட்டுட்டு எப்பிடி இருக்க, இதுக்கு எந்த ஜனாதிபதிட்டயும் பதில் கிடையாது, இத நானேதான் தீக்கணும்.

ஆனாலும் ஒரு முடிவு எடுத்துட்டேன், அப்பாட்ட இன்னும் சொல்லல. வர்றமோ இல்லையோ பேப்பர் எல்லாம் கையில இருக்கணும், நேரம் நல்லா இருக்கிறப்பவே கேட்டு வாங்கிடணும், அடுத்த காத்து எப்பிடி அடிக்கும்னு யாருக்குத் தெரியும். என் பிறப்புச் சர்டிபிகேட் 90-லயே போச்சு. நீ முசலி பிரதேச செயலகத்துல என் பேருக்கு தேடல் விண்ணப்பம் குடு, 1972, அம்மம்மா பேர் அம்மப்பா பேர் ரெண்டும் மாறாம எழுது, அம்மம்மா பேர்ல ரெண்டு சுழி ன வரும். அது கிடைக்கலன்னா பாதர்ட்ட கேட்டு ஞானஸ்நானப் புத்தகத்துல பாக்கச் சொல்லு. அந்தப் பக்கம் போறப்ப நம்ம கிணத்துக்குப் பக்கத்துப் புளி நிக்குதான்னு கண்ணால மட்டும் பாரு, போட்டோ கீட்டோ எடுக்காத, நேவிக்காரன் பிடிச்சா சின்னவன வச்சிக்கிட்டு நீ அல்லாடணும்.

பேப்பர் கிடைச்சா வாட்ஸப்ல டாக்குமெண்டா அனுப்பு, போட்டோவா அனுப்பினா எழுத்து மங்கிடுதுன்னு தம்பி சொன்னான். ஒரிஜினல நீயே வச்சிக்க, இங்க கூரை இன்னும் ஒழுகுது.

அம்மா