"அதெல்லாம் வேணாம் பாட்டி, மரம் எத்தனை?"

நம் ஊர் வரலாற்றுக் கூடக் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால் வெட்டிய என் அம்மாவின் பேச்சைப் பதிவு செய்தீர்கள். மகிழ்ச்சி. எத்தனை மரம், எத்தனை நிரை (மர வரிசை), என்ன சம்பளம் என்று கேட்டீர்கள். அவர் கட்டிப்பால் நாற்றத்தைப் பற்றி ஆரம்பித்ததும் உங்களில் ஒருவர், "அதெல்லாம் வேணாம் பாட்டி, மரம் எத்தனை?" என்று ரெக்கார்டரையே நிறுத்திவிட்டார்.

அம்மா சொல்ல வந்தது இதுதான். மரத்துப் பால் வடியும் மங்கில் (கிண்ணத்தில்) தானாக உறைந்த பால்தான் கட்டிப்பால்; அது சில நாளில் அழுகிவிடும். அதைக் கையால் பிடுங்கி, சாக்கில் கட்டித் தூக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சவுக்காரம், புளி, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்ப்பார், போகாது. கைக்குழந்தையாக இருந்த தம்பியை விரல் படாமல் முழங்கையில்தான் ஏந்துவார். என் கல்யாணத்தில் எல்லாரும் சந்தனம் பூசினார்கள். பெற்றவர் மட்டும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். உங்கள் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? அவரைச் சொல்லி முடிக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

1877-இல் மலாயாவின் கோலகங்சாரில் நட்ட கித்தாக் கன்றுகளின் கதை உங்கள் சுவரில் இருக்கிறது. துரையின் தொப்பிகூடக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. சரி, இருக்கட்டும்.

இது நானாகக் கிளப்பிய புதுக் கோரிக்கையும் அல்ல. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலென் கோர்பான் 1982-இலேயே நாற்றத்துக்கும் நறுமணத்துக்கும் வரலாறு எழுதிவிட்டார். தறிச் சத்தத்தில் காது கேட்காமல், இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைப் பெண்கள் உதட்டசைவிலேயே பேசிக்கொண்டதையும் அங்கே பதிந்து வைத்திருக்கிறார்கள். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது, லண்டன் நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள்; சாக்கடைக்குச் சட்டமும் மளமளவென்று வந்தது. உறுப்பினர்களின் மூக்கு அல்லவா! தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு யாரும் திரைச்சீலை நனைத்ததாக அம்மா சொல்லவில்லை. அப்புறம் தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், தாமான் (புதுக் குடியிருப்பு) கட்டினார்கள், அதற்கு ஒரு பூவின் பேரை வேறு வைத்தார்கள்... எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

மறுபடி ஒருமுறை வாருங்கள். நாற்றம், பெரட்டு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) மணி, இருட்டில் தனியாக நிரைக்குள் நுழைந்த பயம், எல்லாவற்றையும் கேளுங்கள். அவர் நிறுத்தும்வரை ரெக்கார்டரை நிறுத்தாதீர்கள். அம்மாவுக்கு 84 வயது. பெரட்டு இல்லாவிட்டாலும் இன்றும் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்துக்கு வந்தாலும் தேத்தண்ணி இருக்கும்.

இப்படிக்கு,
மூணாம் லயத்து மகள்