செட்டிநாட்டுக்கு ஒரே கூட்டுத் தனிப்படை வேண்டும்

பெறுநர்: தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்கள், அமலாக்கப் பணியகக் குற்றப் புலனாய்வுத் துறைத் தலைவர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் மருந்துக் கடை நடத்திவருபவன் என்ற முறையில், போதைப்பொருள் கடத்தலைத் தடுக்க எங்கள் ஊர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு தனிப்படை வேண்டி இம்மடலை எழுதுகிறேன். செட்டிநாடு என்று நாங்கள் ஒன்றாகச் சொல்லும் ஊர்கள் காவல்துறையின் நிர்வாகத்தில் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர் ஆகியவை சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்து மதுரையிலுள்ள தென்மண்டலத்தின்கீழ் வருகின்றன. திருமயம், அரிமளம், இராயவரம், பொன்னமராவதி ஆகியவை புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்து திருச்சியிலுள்ள மத்திய மண்டலத்தின்கீழ் வருகின்றன. காவலர்கள் எல்லை தாண்டிக் குற்றவாளியைத் துரத்திச் செல்வதற்குச் சட்டத்தில் தடையில்லை என்பதை அறிவேன். ஆனால், பக்கத்து ஊரில் போதை மாத்திரை கைமாறுவதை நான் ஒரு காவல் நிலையத்தில் தெரிவித்தபோது, அது எங்கள் எல்லையில் வராது, அங்கே சொல்லுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. தகவல் சொல்பவர் இரண்டாவது இடம் தேடிப் போகமாட்டார். பயந்துகொண்டு வீட்டுக்குத்தான் போவார்.

ஆந்திர – ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா, ரயிலிலும் சாலையிலும் தெற்கே வந்து, ஒரு பகுதி உள்ளூரில் பொட்டலமாகவும், பெரும்பகுதி தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்கள் வழியாக இலங்கைக்கும் போகிறது. அந்த வழியில் இருப்புப்பாதைக் காவல்துறை, 2019 முதல் போதைப்பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் பெற்ற ரயில்வே பாதுகாப்புப் படை, மாவட்டக் காவல், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், சுங்கத்துறை என அத்தனை பேரும் நிற்கிறார்கள். ஆளுக்கொரு துண்டுத் தகவலை வைத்திருக்கிறார்களே தவிர, அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு மேசை எங்கள் வட்டாரத்தில் இல்லை.

கஞ்சாவைவிட என்னை அதிகம் வருத்துவது வலிநிவாரணி மாத்திரைகள். கல்லூரி வயதுப் பையன்கள் கொண்டுவரும் மருத்துவர் சீட்டைக் கையில் வாங்கினாலே தெரிந்துவிடும்: அதே மருத்துவரின் அதே எழுத்து, ஜெராக்ஸ் எடுத்துத் தேதியை மட்டும் பேனாவால் மாற்றியது. தர மறுத்தால் அடுத்த நாள் வேறு எங்கிருந்தோ கூரியரில் வரவழைத்துக்கொள்கிறார்கள். ஊருணிப் படிக்கட்டில் கிடக்கும் காலி அட்டைகளும் ஊசிகளும் அதற்குச் சாட்சி. டபென்டடால் போன்ற மாத்திரைகள் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இல்லை; 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்கீழ் வருகின்றன. ஆகவே காவல்துறைத் தனிப்படையில் மருந்து ஆய்வாளரும் இடம்பெறாதவரை, அட்டையில் அச்சிட்ட தொகுதி எண்ணைப் பிடித்துக்கொண்டு மொத்த விற்பனையாளர் வரை போய் விசாரிப்பது நடக்காது.

அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடத்தல் மிகுந்த பகுதிகளை மாநில எல்லை பாராமல் ஒரே வட்டாரமாக அறிவித்து, கூட்டரசு அமைப்புகளும் உள்ளூர்க் காவல்துறைகளும் சம எண்ணிக்கையில் அமரும் குழுவின்கீழ் கூட்டுப் படைகளை இயக்குகிறார்கள்; 1990இல் ஐந்து வட்டாரங்களில் தொடங்கிய ஏற்பாடு அது. எந்தப் படை எங்கே, எப்போது சோதனைக்குப் போகிறது என்பதை முன்கூட்டியே ஒரே இடத்தில் பதிவுசெய்வதால், ஒரே கும்பலை இரண்டு படைகள் தனித்தனியே பின்தொடர்வது உடனே தெரிந்துவிடுகிறது. அந்நாட்டின் போதைப் பழக்கம் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. இந்தப் பதிவு முறையை மட்டுமாவது இரண்டு மண்டலங்களுக்கும் பொதுவாக இங்கே கொண்டுவரலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

2022இல் தமிழ்நாடு காவல்துறை நடத்திய கஞ்சா வேட்டை 2.0 போன்ற நடவடிக்கைகளை மக்கள் வரவேற்றார்கள். ஆயினும் கைது எண்ணிக்கையை வைத்து ஒரு படையை எடைபோட்டால், பொட்டலம் விற்கும் பையன்தான் மறுபடியும் மறுபடியும் அகப்படுவான். இருபது கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை என்பதை அறிந்தவர்கள், சரக்கைப் பிரித்துப் பிரித்து அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்று தேடி, சொத்தை முடக்கப் போதைப்பொருள் சட்டத்தின் 5அ அத்தியாயம் இடம் தருகிறது. கூட்டுப் படையில் அதற்கென்றே ஓர் அதிகாரி வேண்டும். சிறிதளவோடு பிடிபட்டுத் தானாகச் சிகிச்சைக்கு முன்வரும் அடிமையை வழக்கிலிருந்து விலக்கும் அதே சட்டத்தின் 64அ பிரிவையும் அப்படை மனமுவந்து பயன்படுத்த வேண்டும். அவர்கள் எங்கள் பிள்ளைகள்.

இன்னொன்று, எங்கள் ஊர்களுக்கே உரியது. முன் தெருவில் முகப்பும் பின் தெருவில் கொல்லை வாசலுமாக நீண்டு கிடக்கும் பெரிய வீடுகள் பல, உரிமையாளர் சென்னையிலோ மலேசியாவிலோ இருக்க, ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கின்றன. கொல்லைப் பக்கம் யார் வந்துபோகிறார்கள் என்பது காவற்காரருக்கே தெரிவதில்லை. பூட்டிய வீடுகளின் பட்டியலை நகரத்தார் சங்கங்களின் உதவியோடு தயாரித்து, இரவு ரோந்தில் பின் தெருவையும் சேர்க்க வேண்டுகிறேன்.

இவற்றுள் முதலில் ஒன்றைச் செய்து தாருங்கள். புகார் சொல்வதற்கான 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் அரிமளத்திலிருந்தோ புதுவயலிலிருந்தோ யார் அழைத்தாலும், எல்லையைக் காரணம் காட்டாமல் அந்தத் தகவலுக்குப் பொறுப்பேற்க வேண்டிய அதிகாரி யார் என்பதை எழுத்துபூர்வமான ஆணையாகப் பிறப்பித்து, இரு மாவட்டக் காவல் நிலையங்களிலும் ஒட்டச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார மருந்துக் கடைக்காரர் ஒருவர்