ஒரு நாளைக்கு எவ்வளவு?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லாருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

இங்கே ஏழாம் வகுப்புக்கு ஓரலகு முறையை, அதாவது முதலில் ஒன்றுக்கு எவ்வளவு என்று கண்டு கணக்குப் போடுவதை, திரும்ப நடத்துகிறேன். பேனா விலையும் பெட்ரோல் கணக்கும் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டதால், இந்த முறை செடியை அளக்கச் சொன்னேன். கொட்டாங்கச்சியில் மண் நிரப்பி ஒரு குழு பச்சைப்பயறும் இன்னொரு குழு தட்டைப்பயறும் போட்டார்கள். அளந்து பார்த்தால் பச்சைப்பயறு 12 செ.மீ., தட்டைப்பயறு 10.5 செ.மீ. ஒரு பக்கம் ஒரே ஆரவாரம். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "சார், அவங்க மூணு நாள் முன்னாடியே போட்டுட்டாங்க" என்றாள். பாடம் அங்கேதான் தொடங்கியது. 12-ஐப் பத்து நாளால் வகுத்தால் 1.2. பத்தரையை ஏழால் வகுத்தால் 1.5. ஒரு நாள் வளர்ச்சியில் தட்டைப்பயறுதான் முன்னால் நிற்கிறது!

அப்புறம் மூங்கிலைச் சொன்னேன். சில வகைகள் ஒரே நாளில் 91 செ.மீ. வரை வளர்வதாகப் பதிவு உண்டு. மணிக்குக் கிட்டத்தட்ட 3.8 செ.மீ. அரிசோனாப் பாலைவனத்தில் சகுவாரோ என்றொரு கள்ளி; மூங்கில் ஒரு மணி நேரத்தில் வளரும் அந்த 3.8 செ.மீ. உயரத்தை எட்டவே அதற்குச் சுமார் 8 வருஷம் ஆகும். பிள்ளைகள் வாயடைத்துப்போனார்கள்.

ஒரு பையன் மட்டும் 91-ஐ 365-ஆல் பெருக்கி, "வருஷத்துக்கு 332 மீட்டரா சார்?" என்றான். அருமையான கேள்வி, முருகேசா. உலகிலேயே உயரமான மரம் கலிபோர்னியாவின் ரெட்வுட். அதுவே 116 மீட்டர்தான். மூங்கில் குருத்து முளைத்த பருவத்திலேயே முழு உயரத்துக்கு வந்துவிடும். பிறகு தண்டு முற்றுமே தவிர நீளாது. 'இதே வேகத்தில் வளர்ந்தால்' என்று கணக்குகளில் சாதாரணமாக எழுதிவிடுகிறோம். அந்த வரியை நிறுத்திப் பேசாமல் தாண்டக் கூடாது என்பது என் கட்சி. எங்கள் பயறும் அப்படித்தான். முதல் சில நாள் மண்ணுக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை. அந்த நாட்களையும் சேர்த்துத்தானே வகுத்தோம்?

அதனால் இப்போது தினமும் காலையில் அளந்து, அன்றன்றைய வளர்ச்சியைத் தனியாகக் குறிக்கிறார்கள். உன் மாடியில் புடலை போட்டிருப்பதாக எழுதியிருந்தாயே, வாரம் ஒருமுறை கொடியை அளந்து தேதியோடு அனுப்பு. பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு.

அன்புடன்,
கதிரேசன்