போனைப் பிடுங்கினால் தீர்ந்துவிடுமாங்க? பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு மடல்

கோபி, தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கமுங்க.

உங்கள் கூட்டத்தில் செல்போன் பேச்சு வந்தாலே ‘வாங்கிக் கொடுக்காதீங்க, கொடுத்திருந்தா பிடுங்கி வையுங்க’ என்று சொல்லிவிட்டு, அடுத்து தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விடுகிறீர்கள். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். பிடுங்கியதற்கு அப்புறம் நடப்பது என் கடைக்குத்தான் வருகிறது.

யூனிபார்மோடு இரண்டு பேராக வருவார்கள். ஒருத்தி டெம்பர் கிளாஸ் விலை கேட்பாள். இன்னொருத்தி கவர் தொங்குகிற கம்பியைத் திருப்பிக்கொண்டே நின்று, கடையில் ஆள் குறைந்ததும் கேட்பாள்: ‘ஏனுங்ண்ணா, அடுத்தவங்க போன்ல இருக்கற போட்டோவ இங்கிருந்தே அழிக்க முடியுங்களா?’ முடியாது. வீட்டில் சொல்லு கண்ணு என்றால், படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்கிறாள். பையன்கள் கதை வேறு: முகம் தெரியாத வீடியோ காலை எடுத்து, அதை ரெக்கார்டு செய்து மிரட்டுகிறவனுக்கு அப்பா போனிலிருந்து பணம் போட்டிருப்பான். அவன் யாரிடமும் வாயே திறப்பதில்லை.

பெயர் வெளியே போய்விடும் என்பதுதான் பயம். அதில் நியாயமும் இருக்கிறது. பெண்களை மிரட்டிப் பாலியல் கொடுமை செய்து வீடியோ எடுத்த பொள்ளாச்சி வழக்கு வெடித்த 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார், அரசாணையிலும் பெயர் வந்தது, உயர்நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அதே வழக்கில், பெயரும் முகமும் காக்கப்பட்ட பிறகு சாட்சி சொன்ன பெண்கள் கடைசிவரை பின்வாங்கவில்லை. 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. நம் ஊர்க்காரர்கள் வழக்கின் முதல் பாதியை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

சட்டம் பிள்ளை பக்கம்தான் நிற்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருக்கிற பிள்ளையின் முகத்தை ஒட்டி ஆபாசப் படம் செய்தாலும் போக்சோவில், அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கிற சட்டத்தில், குற்றம், 2019 திருத்தம் அதைச் சேர்த்திருக்கிறது. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் ‘நாமளே பேசி முடிச்சுக்கலாம்’ என்று அமுக்கினால் 6 மாதம் வரை சிறை. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பஞ்சாயத்து பேசுகிறவர்களுக்கு இதை யாராவது சத்தமாகப் படித்துக் காட்டினால் தேவலை.

இன்னொன்று, விஷயம் தெரிந்ததும் போனைத் தரையில் அடிக்கிற அப்பாக்கள். ஆதாரம் முழுக்க அந்தப் போனில்தானே இருக்கிறது? எதையும் அழிக்காமல், அனுப்பியவனின் ஐடி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்றத்துக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும். பிள்ளை பேச குழந்தைகள் உதவி எண் 1098, இல்லையென்றால் கல்வித்துறையின் உதவி எண் 14417. படம் இன்ஸ்டாகிராமிலோ பேஸ்புக்கிலோ பரவும் என்று பயந்தால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசத் தளம் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. கைரேகை மாதிரி ஒரு குறியீட்டை மட்டும் அது எடுத்துக்கொள்ளும், அதை வைத்து அந்த நிறுவனங்கள் படத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றுவதை மட்டும் அது பிடிக்காது.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். இப்படி ஒரு பிரச்சினையோடு வரும் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்ப மாட்டோம், படிப்பை நிறுத்தச் சொல்லி வீட்டுக்கும் சொல்ல மாட்டோம், பெயர் எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் வராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கேட்பதற்கு ஒரு டீச்சரையும் குறித்து, காலைப் பிரேயரில் படியுங்கள். ஸ்கிரீன்ஷாட், புகார் எல்லாம் செய்து காட்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்க, கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறேன்.