யாழ். பொது நூலகத்தின் ஏடுகளையும் மீட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நாள் ஆண்டுதோறும் நினைவுகூரப்படும்போது, மீண்டும் எழுந்து நிற்கும் வெண்ணிறக் கட்டடத்தின் படமே பெரும்பாலும் பத்திரிகைகளில் இடம்பெறுகிறது. அக்கட்டடம் எழுந்ததில் எனக்கும் பெருமகிழ்ச்சியே. ஆயினும் அத்துடன் நூலகம் மீண்டுவிட்டது என்று நாம் ஆறுதல் கொள்வது சரியன்று என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

1933இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டில் நூல்களைச் சேர்த்து அயலவருக்கு வாசிக்கக் கொடுத்ததில் தொடங்கிய முயற்சியே, மக்களின் நன்கொடையால் வளர்ந்து, 1959இல் திறந்துவைக்கப்பட்ட மாளிகையாயிற்று. 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஓலைச்சுவடிகளும் அழிந்தன. ஓரளவு திருத்தி 1984இல் திறக்கப்பட்ட நூலகம் அடுத்த ஆண்டே போரில் மறுபடியும் சிதைந்தது. முழுமையான புனரமைப்பு 1998க்குப் பின்னரே கைகூடியது. எரிந்த சுவர்களை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட வேண்டும் என்று அன்று வாதிட்டவர்களின் வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால் பிள்ளைகள் அமர்ந்து படிக்க ஒரு கூரை வேண்டும் என்றவர்களின் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் எண்ணம்.

சுவர்களை வரைபடம் பார்த்துத் திரும்ப எழுப்பலாம். கடையில் கிடைக்கும் நூல்களை மீண்டும் வாங்கி அடுக்கலாம். ஒரேயொரு பிரதியாக இருந்த ஏட்டை என்ன செய்வது? யாழ்ப்பாணத்தின் வரலாற்றைக் கூறும் பழைய நூலான யாழ்ப்பாண வைபவமாலையின் ஏடும் அன்று எரிந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். மயில்வாகனப் புலவரின் அந்நூலை நாம் இன்றும் படிக்க முடிவதற்குக் காரணம், அது முன்னரே அச்சேறியிருந்ததும், 1879இலேயே பிரிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்திருந்ததுமே ஆகும். படி எடுக்கப்படாதவை பெயர்கூட எஞ்சாமல் போயிருக்கக்கூடும் என்பதை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

இந்த ஆபத்து இன்னும் நீங்கவில்லை. வைத்தியம், சோதிடம், கோயில் வரலாறு, காணி உறுதி என எத்தனையோ ஏடுகள் இன்றும் நம் வீடுகளில் பழைய பெட்டகங்களுக்குள் கிடக்கின்றன. எண்ணெய் பூசிப் பேணாத ஓலை எப்படி இருக்கும் என்பது அதைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். கட்டை அவிழ்க்கும்போதே ஓரங்கள் உதிரும். துளையில் கோத்த கயிற்றை இழுத்தால் இதழ் முறியும். பூச்சி அரித்த இடத்தில் எழுத்தே இராது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்திலேயே இதே நிலையைக் கண்டு கலங்கினார். அவரைப் போன்றோர் ஊர் ஊராகத் தேடி அச்சேற்றியிராவிட்டால் சங்க நூல்கள் சிலவற்றை நாம் இழந்திருப்போம். அதே மண்ணில் பிறந்த நாம், கையில் கருவிகள் இருந்தும் வாளாவிருப்பது பெருங்குறை.

தொண்டர்களின் உழைப்பால் இயங்கும் இணைய நூலகமான நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி யாவரும் படிக்கத் தந்துவருவது போற்றத்தக்கது. ஆனால் எல்லாச் சுமையையும் தொண்டர்களின் தோளில் ஏற்றிவிட்டு, பொது நூலகத்தை நடத்தும் மாநகர சபை ஒதுங்கியிருத்தல் ஆகாது. வீட்டு ஏடுகளைக் கொண்டுவருவோரின் கண்முன்னே அவற்றைப் படமெடுத்து, மூல ஏட்டை அவர்களிடமே திருப்பிக் கொடுக்கும் நிலையான பிரிவு ஒன்று பொது நூலகத்தில் இயங்க வேண்டும். பறிபோய்விடுமோ என்ற அச்சத்தினாலேயே பலர் ஏடுகளை வெளியே காட்டத் தயங்குகிறார்கள். நம் மக்கள் பட்டபாட்டை அறிந்தவர் எவரும் அந்த அச்சத்தைக் குறைகூற மாட்டார். 1981க்கு முன் அந்த நூலகத்தில் படித்தவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே கண்ட நூல்கள், சுவடிகள், எழுதிவைத்த குறிப்புகள், எடுத்த படிகள் ஆகியவற்றைக் கேட்டறிந்து பதிவு செய்வதற்கு இனியும் காலந்தாழ்த்த முடியாது.

இதற்கான அறிவித்தலை இவ்வாண்டு நினைவு நாளுக்குள் மாநகர சபை வெளியிட வேண்டும் என்றும், புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களையும் எட்டும்படி அதைத் தங்கள் பத்திரிகை தொடர்ந்து சில வாரங்கள் பிரசுரித்து உதவ வேண்டும் என்றும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.